குடவோலையும் குரூப் ப்ராஜெக்ட்டும்



பிள்ளைகளுக்குப் பள்ளியில் குரூப் ப்ராஜெக்ட் கொடுக்கிறார்கள். இரண்டு பேர் உழைக்க, மூன்று பேர் பெயர் மட்டும் போட்டுக்கொள்வதாகவும், கடைசி நாளில் சண்டையாகி நட்பே முறிவதாகவும் உங்களில் பலர் சொல்கிறீர்கள். இதைப் பற்றி நம் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர் 1100 ஆண்டுகளாகப் பேசிக்கொண்டிருக்கிறது.

முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919லும் 921லும் வெட்டிய கல்வெட்டுகள் அவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, குடவோலை மூலம் வாரியங்களுக்கு ஆள் எடுத்தார்கள். சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். யாருக்கு எந்த வேலை என்பதில் குழப்பமே இல்லை. பதவி 360 நாள்தான்.

தேர்வு நடந்த விதத்தைப் பாருங்கள். இளையோர் முதியோர் எல்லாரும் கூடிய சபையில், குடத்தை எல்லாரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டினார்கள். விவரம் அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்தான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்து உள்ளங்கையில் அதை வாங்கி, உரக்க வாசித்தான். அங்கிருந்த நம்பிமாரும் வாசித்தார்கள். மூடிய கைக்கு அங்கே இடமில்லை.

கணக்குக் காட்டாதவர் மறுபடி வாரியத்துக்கு வர முடியாது. அவருடைய நெருங்கிய உறவினரும் வர முடியாது. கணக்கு எழுதியவரே கணக்கை ஒப்படைக்க வேண்டும். அவருக்காக இன்னொருவர் முடித்துக் கொடுக்கக் கூடாது. 919இல் எழுதிய விதிகளை இரண்டே ஆண்டில் கூடிப் பேசித் திருத்தவும் செய்தார்கள்.

குறையையும் சொல்ல வேண்டும். அது பிராமணர் சபை. சொந்த நிலமும் வேதப் படிப்பும் உள்ள, 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள் இருந்த ஆண்களே உறுப்பினராகலாம். ஏரியில் மண் சுமந்தவர்களுக்கும் பெண்களுக்கும் அங்கே குரல் இல்லை. நம் பிள்ளைகளின் குழுவிலும் வாய் திறக்காத ஒரு பிள்ளை இருக்கும். அதற்குத் தெரிந்தது என்ன என்று யாருமே கேட்பதில்லை.

எனவே முதல் நாளே யாருக்கு என்ன வேலை என்று எல்லார் முன்னாலும் எழுதச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை அவரவர் வேலையை அவரவரே சொல்லட்டும். முடியாவிட்டால் முடியவில்லை என்று அன்றைக்கே சொல்லட்டும். பேசாத பிள்ளையை முதலில் பேச விடட்டும்.

விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது, அந்தச் சுவர் முன்னால் பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் நிறுத்தி இதையெல்லாம் சொல்லுங்கள்.