சென்னைச் சரித்திர நூல்களும் பழவேற்காட்டுக் கரையும்

ஒரு நகரத்தின் பிள்ளைப்பருவத்தைச் சுவைபட எடுத்துரைக்கும் நூல்களுக்குத் தனியொரு கவர்ச்சி உண்டு. சென்னை மாநகர் இவ்வகையில் பெரும்பேறு பெற்றது. டால்பாய்ஸ் வீலர் என்னும் ஆங்கிலேயர் கோட்டைப் பதிவேடுகளைப் புரட்டி, 1861-ஆம் ஆண்டு முதல் பழைய சென்னையின் கதையை மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். 1913-இல் கர்னல் லவ் அதனினும் விரிவாக எழுதினார். 1921-இல் கிளின் பார்லோ, மாணவரும் படித்து மகிழத்தக்க சிறு நூலொன்றைத் தந்தார். நகரின் முந்நூறாம் ஆண்டாகிய 1939-இல் பேராசிரியர் சி. எஸ். சீனிவாசாச்சாரியாரின் நூல் வந்தது. அண்மைக் காலத்தில் எஸ். முத்தையா ஆங்கிலத்திலும், நரசய்யா 'மதராசபட்டினம்' என்ற பெயரில் தமிழிலும் இக்கதையைப் பலரும் விரும்பிப் படிக்கும்படி செய்தனர்.

இந்நூல்களுட் பெரும்பாலானவற்றின் முதற்காட்சி ஒன்றே. 1639-ஆம் ஆண்டு, அலை மோதும் வெறும் மணற்கரை, பிரான்சிஸ் டே என்னும் கும்பினி அதிகாரி, தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கர் அளித்த நில உரிமை, மறு ஆண்டு எழுந்த புனித ஜார்ஜ் கோட்டை. துறைமுகமும் இல்லாத இவ்விடத்தை டே ஏன் தேர்ந்தார் என்பதற்கு, சாந்தோமில் அவருக்கொரு காதலி இருந்தாள் என்று அலெக்சாண்டர் ஹாமில்டன் எழுதிவைத்த வம்பு இன்றுவரை விடாமல் எடுத்தாளப்படுகிறது. மற்றொரு கதையும் உண்டு. மதரேசன் என்ற மீனவத் தலைவர் தம் வாழைத்தோட்டத்தைத் தர மறுத்தார் என்றும், ஊருக்கு அவர் பெயரையே வைப்பதாகத் துபாஷ் பேரி திம்மப்பா வாக்களித்து இணங்கச் செய்தார் என்றும் அது கூறும். கேட்பதற்கு இனிய கதைதான். ஆயின், நாயக்கர் தந்த உரிமை ஓலையிலேயே மதராசபட்டினம் என்ற பெயர் காணப்படுவதால், கோட்டை கட்டும்போது பேசி முடித்த பெயர் அதுவென்று கொள்ள இடமில்லை. நகரின் தோற்றக் கதையில் மீனவர் ஒருவருக்குக் கிடைத்த பெயருள்ள இடம் இஃதொன்றே. அதுவும் கட்டுக்கதையாய்ப் போயிற்று.

லைட்ஹவுஸ் குப்பத்தில் அமர்ந்து இந்நூல்களைப் படிப்பார்க்கு வேறொரு வியப்பும் தோன்றும். சென்னைக்கு வடக்கே இருக்கும் பழவேற்காடு, நூலின் முதல் அதிகாரத்தில் டச்சுக்காரரின் ஊராக ஒருமுறை தலைகாட்டிவிட்டு மறைந்துவிடுகிறது. உண்மையில் சென்னையின் கதை இந்த ஏரிக்கரையிலேதான் தொடங்குகிறது.

சென்னைக் கோட்டைக்கு நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னரே போர்த்துகீசியராகிய துவார்த்தே பார்போசா, விஜயநகர மன்னரின் ஆணைக்குட்பட்ட செல்வத் துறைமுகமாக இதனை வருணித்தார். பெகுவின் மாணிக்கங்கள் இங்கு இறங்கின. வண்ணத் துணிகள் இங்கிருந்து கீழ்நாடுகளுக்குச் சென்றன. மலாய் நாட்டார் தாம் உடுக்கும் கைலியைப் 'பெலிக்கட்' என்று இன்றும் வழங்குவது பழவேற்காட்டின் பெயரே. 1613-இல் டச்சுக்காரர் இங்கே கெல்திரியா என்னும் கோட்டையை எழுப்பிச் சோழமண்டலக் கரைக்கு அதனையே தலைமையிடமாக்கினர். 1621-இல் ஆங்கிலேயரும் அவர்களோடு பழவேற்காட்டிலேயே கூடியிருந்து வாணிகம் செய்ய முயன்றனர். இரண்டாண்டுகளில் ஒத்துவராமல் வெளியேறினர். பின்னர் அவர்கள் குடியேறிய ஆர்மகான் எது? ஏரியின் வடகோடியிலுள்ள துர்க்கராஜபட்டினமே அது. ஆறுமுக முதலியார் என்பவர் செய்த உதவியை நினைந்து அப்பெயர் சூட்டினர் என்பர். ஒரே ஏரியின் தென்முனையில் டச்சுக்காரர், வடமுனையில் ஆங்கிலேயர்! அங்கே துணி வாணிகம் நன்கு நடவாமையால் டே தெற்கு நோக்கிப் புறப்பட்டார். சென்னை பிறந்தது அப்பயணத்தின் பயனாகவே.

இதனை அக்காலத்து நம்மவரும் அறிந்திருந்தனர் என்பதே சிறப்பு. தாமர்ல குடும்பத்து அங்கபூபாலர் தெலுங்கில் இயற்றிய 'உஷா பரிணயம்' என்ற காவியத்தில், தம் சகோதரர் ஐயப்ப நாயக்கர் தந்தை சென்னப்பரின் பெயரால் சென்னப்பட்டினத்தை அமைத்த வரலாற்றைக் குறிக்கிறார். பிரளயகாவேரியிலிருந்த டச்சுக்காரரும் மயிலைப் போர்த்துகீசியரும் ஓயாது பொருதமையால், இருவருக்கும் இடையே அமைதி நிலவும்பொருட்டு அவ்வூர் அமைந்ததாம். பிரளயகாவேரி என்பது பழவேற்காட்டின் மற்றொரு பெயர். காதலிக் கதையைப் பத்து முறை கூறுவோர் இக்காரணத்தை ஒருமுறையேனும் விரித்துரைத்தல் தகும்.

சுவை கருதி எழுதப்படும் நூல்கள் கசப்பானவற்றைத் தவிர்த்துச் செல்வதும் இயல்பே. பழவேற்காட்டிலிருந்து துணி மட்டும் கப்பலேறவில்லை. பஞ்ச காலங்களில் விலைக்கு வாங்கப்பட்ட மக்களும் அடிமைகளாகப் படாவியாவுக்கு ஏற்றப்பட்டனர். அவர்களுள் எவர் பெயரும் எந்தக் கதையிலும் இல்லை. டச்சுக்காரரின் கல்லறைத் தோட்டமோ பழவேற்காட்டில் இன்றும் தொல்பொருள் துறையின் காவலில் உள்ளது. பெயரும் ஆண்டும் அழகுறப் பொறித்த பதினேழாம் நூற்றாண்டுக் கற்களை அங்கே காணலாம். கெல்திரியாக் கோட்டை அழிந்து, அகழியும் புதர்மேடும் எஞ்சின.

சென்னையின் முதல் இருநூற்று நாற்பது ஆண்டுகள் அதற்குத் துறைமுகமே கிடையாது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். ஆணியே அடிக்காமல் கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலாப் படகுகளிலும் கட்டுமரங்களிலும், கவர்னர் முதல் கடிதப் பை வரை யாவற்றையும் கரை சேர்த்தவர்கள் இக்கரை மீனவரும் படகோட்டிகளுமே. வெள்ளைக்காரச் சீமாட்டிகள் அலையில் நனைந்து அலறியதை வேடிக்கையாக எழுதும் நூல்கள், துடுப்புப் பிடித்த கைகளின் திறமையை ஓரிரு வரியில் முடித்துவிடுகின்றன. கட்டத் தொடங்கிய துறைமுகத்தை 1881-ஆம் ஆண்டுப் புயல் சிதைத்தது. அதன் பின்னரும் சில காலம் அப்படகுகளே கைகொடுத்தன. பழவேற்காட்டு மணல்திட்டுகளில் கப்பல்கள் மோதாதிருக்கப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த கலங்கரை விளக்கமே இக்குப்பத்துக்குப் பெயர் தந்தது. சென்னைக்குச் சென்ற கப்பல்களுக்கு வழிகாட்டியதும் அவ்வொளியே.

இந்நூல்களில் நம்மவர் தம் சொந்தப் பெயரோடும் செயலோடும் தெளிவாக நிற்கும் இடம் எதுவென்று தேடினால், அது திருக்கோயிலாகவே இருக்கிறது. சென்னைக் கோட்டை எழுந்து சில ஆண்டுகளுக்குள் அதனருகே சென்னகேசவப் பெருமாள் கோயில் விளங்கியது. 1646-இல் நாகபட்டனும், 1648-இல் பேரி திம்மப்பாவும் எழுதிக்கொடுத்த தான சாசனங்கள் கும்பினிப் பதிவுகளில் இடம்பெற்று, கர்னல் லவ் போன்றோர் கைக்கும் எட்டின. திம்மப்பாவின் வாழைத்தோட்டக் கதை ஐயத்துக்குரியது. அவர் கோயிலுக்குச் செய்த கொடையோ எழுத்தில் உள்ளது. பிரெஞ்சுக்காரர் படையெடுப்பு அச்சத்தில், 1757-இல் கோட்டையைப் பலப்படுத்த வேண்டிக் கும்பினியார் அக்கோயிலை இடித்தனர். அவ்விடம் இன்றைய உயர்நீதிமன்ற வளாகம். பின்னர் மணலி முத்துகிருஷ்ண முதலியாரின் பெருங்கொடையாலும் பொதுமக்கள் உதவியாலும் பூக்கடைப் பகுதியில் சென்னகேசவருக்கும் சென்னமல்லீசுவரருக்கும் இரட்டைக் கோயில்கள் எழுந்தன. கல் பெயர்ந்தபோதும் கொடையாளர் பெயர் பெயரவில்லை.

இந்த ஏரிப்புறத்திலும் அவ்வாறே. திருப்பாலைவனத்துச் சிவாலயத்தில் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. பழவேற்காட்டு ஆதிநாராயணப் பெருமாள் கோயிலில் செம்புறாங்கல்லில் இராமாயணக் காட்சிகளைச் சிறுசிறு உருவங்களாகச் செதுக்கிவைத்த சிற்பிகளின் கைவண்ணத்தை இன்றும் கண்டு தொழலாம். குப்பங்களின் வாழ்வோ ஓலையாலும் மரத்தாலும் ஆனது. புயலும் முகத்துவாரத்தின் இடமாற்றமும் அதனைத் தலைமுறைதோறும் துடைத்துச் சென்றன. எனவே கும்பாபிஷேகத்தை ஒட்டித் திருப்பணிக் கல்லிலும் மலரிலும் பெயர் பொறிக்கும் அன்பர்கள், கொடையாளரின் பெயரையும் தொகையையும் மட்டும் எழுதி நிறுத்தாமல், தந்தையார் பெயர், குப்பத்தின் பெயர், படகுத் தொழிலோ வலைத் தொழிலோ அதுவும், திங்களும் ஆண்டும் சேர்த்துப் பொறிப்பாராக.