பொற்கொல்லரும் கணக்கேடும்: 1963 – 1990

உரிம ஆட்சி பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் 1951-ஆம் ஆண்டின் தொழில்கள் (வளர்ச்சி, ஒழுங்குமுறை) சட்டத்திலிருந்தே தொடங்குகின்றன. அச்சட்டத்தின் முதன்மை இலக்கு பெருந்தொழில். ஒற்றை ஆள் பட்டறைக்குள் அரசு நுழைந்த கதையை அறியத் தங்கக் கட்டுப்பாட்டைத்தான் பார்க்க வேண்டும்.

சீனப் போரை அடுத்து, அந்நியச் செலாவணி நெருக்கடியின் நடுவே, 1963 சனவரியில் இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் இக்கட்டுப்பாடு பிறந்தது. அன்றைய நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய். கடத்தலையும் தங்கத்தின் தேவையையும் குறைப்பது நோக்கம். 14 காரட்டுக்கு மேற்பட்ட தூய்மையில் புதிய நகை செய்வது தடைசெய்யப்பட்டது. 22 காரட்டில் பழகிய கைக்கு 14 காரட் ஏறத்தாழ வேறோர் உலோகம்: கலப்பு மிகுந்தால் கடினம் கூடும், நிறம் மாறும். வாங்குவோரும் அதை விரும்பவில்லை. நாடெங்கும் பொற்கொல்லர்கள் பிழைப்பிழந்தனர். தற்கொலைச் செய்திகளும் வந்தன. 1966-இல் காரட் வரம்பு நீங்கியது.

கட்டுப்பாடு நீங்கவில்லை. 1968-ஆம் ஆண்டின் தங்க (கட்டுப்பாட்டு) சட்டம் அதை நிலைப்படுத்தியது. வணிகருக்கு உரிமம், பொற்கொல்லருக்குச் சான்றிதழ், கையிருப்புக்கு வரம்பு, ஒவ்வொரு வரவு செலவுக்கும் பதிவு எனக் கடமைகள் அடுக்கப்பட்டன.

ஹரக்சந்த் ரத்தன்சந்த் பந்தியா வழக்கில் 1969-இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தின் அடிப்படையை ஏற்றது. சில பிரிவுகளை மட்டும் செல்லாதவை என்றது. உரிமம் வழங்குவதற்கு அளவுகோலாக வைக்கப்பட்ட ‘எதிர்பார்க்கப்படும் தேவை’, ‘விண்ணப்பதாரரின் தகுதி’, ‘பொதுநலன்’ ஆகிய தொடர்கள் தெளிவற்றவை என்பது அத்தீர்ப்பின் முக்கியமான கூறு. சொல் தெளிவற்றிருக்கும்போது அதன் பொருளை அதிகாரியே முடிவுசெய்கிறார். வழக்கறிஞரும் கணக்கரும் உள்ள நிறுவனம் அப்பொருளை எதிர்த்து வாதிடலாம். உமியோட்டின்முன் தனியே அமர்ந்திருப்பவருக்கு அவ்வழி எளிதன்று.

1990-91 வரவு செலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் மது தண்டவதே அச்சட்டத்தை நீக்குவதாக அறிவித்தார். அவ்வாண்டு சூனில் அது நீங்கியது. 1991-ஆம் ஆண்டின் தாராளமயத்துக்கு முன்பே நிகழ்ந்த இந்நீக்கம் சீர்திருத்த வரலாறுகளில் ஓர் அடிக்குறிப்பாகவே நிற்கிறது.

ஒழுங்குமுறையே வேண்டாம் என்பது இவ்வரலாறு தரும் பாடமன்று. கடத்தல்காரரை நோக்கி வீசப்பட்ட வலையில் முதலில் சிக்கியவர் முகவரியும் பட்டறையும் உடைய கைவினைஞர். ஒரு விதியின் சுமையை அளக்க வேண்டிய இடம், அதைச் சுமப்பவர்களுள் மிகச் சிறியவரின் பட்டறை.