உதவி நன்கொடைக் கல்வியும் யாழ்ப்பாணத்தவரின் மலாயாப் பெயர்வும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறுகள் இல்லை. கிணற்று நீரையும் மாரி மழையையும் நம்பிய சிறுநில வேளாண்மையே அதன் ஆதாரமாயிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலைநாட்டிற் கோப்பியும் பின்னர் தேயிலையும் பெருக, மூலதனமும் போக்குவரத்தும் அங்கேயே குவிந்தன. 1867 இற் கண்டியை அடைந்த புகையிரதம் கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்க 1905 ஆயிற்று. ஆயினும் கல்வித்துறையில் இப்பிரதேசம் பின்தங்கவில்லை. இம்முரண்பாடு ஆராயத்தக்கது.

1816 இல் வந்த அமெரிக்க மிசனரிமார் 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரியை நிறுவினர். அங்கு பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். தாமோதரம்பிள்ளையின் உத்தியோக வாழ்வு பெரும்பாலும் தமிழகத்திலேயே கழிந்தது. 1869 இற் பொதுப்போதனைத் திணைக்களம் தோன்றியபின், மாணவரின் பரீட்சைப் பெறுபேற்றை அளவுகோலாகக் கொண்டு அரசு பாடசாலைகளுக்கு உதவி நன்கொடை வழங்கிற்று. மிசன்களும், 1848 இல் நாவலர் தொடக்கிவைத்த சைவக் கல்வி மரபினரும் போட்டியிட்டுப் பாடசாலைகளை வளர்த்தமைக்கு இந்நன்கொடை துணையாயிற்று.

ஆங்கிலம் கற்றோர் தொகை பெருகிற்று; அவர்க்கேற்ற தொழில் ஊரிற் போதியதாயில்லை. அதே காலத்தில் மலாயாவிற் பிரித்தானியர் ஆட்சி விரிந்தது. 1885 இல் தைப்பிங்கில் முதற் புகையிரதப் பாதை திறக்கப்பட்டதைத் தொடர்ந்து, எழுதுவினைஞராகவும் நிலைய அதிபராகவும் நில அளவையாளராகவும் பலர் கடல் கடந்தனர். அவர்களின் கல்விக்கான செலவு இலங்கையைச் சார்ந்தது. பயிற்றப்பட்ட உழைப்போ மலாயாவைச் சென்றடைந்தது.

எனினும் நட்டம் முழுமையானதன்று. மலாயாவிலிருந்து வந்த காசுக்கட்டளைகள் கல்வீடுகளாகவும் காணிகளாகவும் சீதனமாகவும் கோயிற் திருப்பணியாகவும் பாடசாலைக் கட்டடங்களாகவும் மாறின. கைத்தொழிலுக்குச் சென்றது சொற்பமே. அப்பாடசாலைகளும் மேலும் வெளியேறுவோரையே உருவாக்கின. இப்பயனும் எல்லோருக்கும் எட்டவில்லை. நன்கொடை பெறும் பாடசாலைகளில் ஒடுக்கப்பட்ட சாதி மாணவருக்குச் சம ஆசனம் வழங்க 1930 ஐ அண்டி எடுக்கப்பட்ட முயற்சியுங்கூடக் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. 1942 இல் ஜப்பானியர் மலாயாவைக் கைப்பற்றியதும் பணவரவு தடைப்பட்டது. அதனையே நம்பியிருந்த குடும்பங்கள் தத்தளித்தன.

இதனைக் கொண்டு கல்விக்கு அரசு அளித்த உதவி வீணானது என முடிவுசெய்தல் தவறாகும். வளங்குன்றிய பிரதேசத்து மக்கள் பலர் அதனாலேயே முன்னேறினர். ஆனால் மாணவன் முன்னேறுவதும் பிரதேசம் முன்னேறுவதும் ஒன்றல்ல. பாடசாலைக்கு நன்கொடை வழங்கிய குடியேற்ற அரசு, அப்பாடசாலையிற் கற்றவன் ஊரிலிருந்தே செய்யத்தக்க தொழிலுக்கு வழிசெய்யவில்லை. யாழ்ப்பாணத்தவர் மலாயாவுக்குப் பெயர்ந்தமைக்குக் கல்வியை மட்டும் காரணமாகக் காண்போர் இவ்வுண்மையை மறந்துவிடுகின்றனர்.