ஸ்கேட்போர்டுக்கு இடம் தேடிய டோனி ஹாக்

ஸ்கேட்போர்டு விளையாட்டு பிறந்தது அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில். 1950களில் கடலில் அலை எழாத நாட்களில் பொழுது போகாத சர்ஃபிங் இளைஞர்கள், மரப்பலகையின் அடியில் ரோலர் ஸ்கேட் சக்கரங்களைப் பொருத்திச் சாலையில் ஓட்டிப் பார்த்தார்கள். அன்றைய சக்கரங்கள் முதலில் உலோகத்தாலும் பிறகு களிமண் கலவையாலும் ஆனவை. வழியில் ஒரு சிறு கல் தட்டுப்பட்டாலும் பலகை நின்றுவிடும். ஓட்டியவர் முன்னால் போய் விழுவார். அடிபட்டவர்கள் பெருகவே 1965 வாக்கில் பல நகரங்கள் தடை விதித்தன, வியாபாரமும் படுத்துவிட்டது. 1970களின் தொடக்கத்தில் ஃப்ராங்க் நாஸ்வொர்தி என்பவர் யூரிதேன் சக்கரங்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். தரையைப் பிடித்துக்கொண்டு ஓடும் இந்தச் சக்கரங்களால் விளையாட்டு மீண்டும் உயிர்பெற்றது. 1976, 1977 வறட்சியில் கலிஃபோர்னியாவின் வீட்டு நீச்சல்குளங்கள் பல காலியாகக் கிடந்தன. வீட்டுக்காரர் இல்லாத நேரம் பார்த்து இளைஞர்கள் வேலி ஏறிக் குதித்து, குளத்தின் வளைந்த சுவர்களில் ஏறியிறங்கப் பழகினார்கள். அந்த வளைவுகளைக் கான்கிரீட்டில் வடித்து, கட்டணம் வசூலிக்கும் தனியார் ஸ்கேட்பார்க்குகள் முளைத்தன.

இந்தப் பூங்காக்கள் நீடிக்கவில்லை. விழுந்து அடிபட்டவர்கள் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டால் யார் தாங்குவது என்ற பயத்தில் காப்பீட்டுக் கட்டணங்கள் ஏறின. 1980களின் தொடக்கத்துக்குள் பெரும்பாலானவை மூடப்பட்டு இடிக்கப்பட்டன. ஸ்கேட்போர்டின் வரலாற்றை நாயகர்களின் வரிசையாகவே எழுதுவது வழக்கம். உண்மையில் ஓட்டுவதற்கு இடம் இருந்தபோது அது வளர்ந்தது, இடம் போனபோது சரிந்தது. டோனி ஹாக்கின் வாழ்க்கையும் இந்த ஏற்ற இறக்கத்தில் சிக்கியதுதான்.

ஹாக் 1968 மே 12 அன்று சான் டியாகோவில் பிறந்தார். பெற்றோர் இருவருக்கும் அப்போது நாற்பதைக் கடந்த வயது. ஒன்பது வயதில், அண்ணன் ஸ்டீவ் ஒதுக்கிப் போட்டிருந்த பழைய ஃபைபர்கிளாஸ் பலகை அவர் கைக்கு வந்தது. பையனின் பிடிவாதத்துக்கு ஒரு வடிகால் கிடைத்ததில் வீட்டாருக்கு நிம்மதி. தந்தை ஃப்ராங்க் ஹாக் கடற்படையில் விமானியாக இருந்து ஓய்வுபெற்றவர். மகனின் ஆர்வத்தை வேடிக்கை பார்ப்பதோடு அவர் நிற்கவில்லை. சிறுவர்களுக்குப் போட்டி நடத்த ஆளில்லை என்பதைக் கண்டு கலிஃபோர்னியா அமெச்சூர் ஸ்கேட்போர்டு லீகைத் தொடங்கினார். தொழில்முறை ஆட்டக்காரர்களுக்காக 1983இல் தேசிய ஸ்கேட்போர்டிங் சங்கத்தையும் நிறுவினார். அப்பா போட்டியை நடத்துகிறார், மகன் ஜெயிக்கிறான் என்ற முணுமுணுப்பு அப்போது இருந்தது. ஆனால் பூங்காக்கள் மூடிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் போட்டி என்ற ஒன்று தொடர்ந்து நடந்ததற்கு ஃப்ராங்க் முக்கியக் காரணம்.

ஹாக் 1982இல், 14 வயதில், ஸ்டேசி பெரால்டா என்ற ஆட்டக்காரர் திரட்டிய போன்ஸ் பிரிகேட் குழுவின் ஆட்டக்காரராகத் தொழில்முறைக்கு வந்தார். ஒல்லியான பையன். முழங்கால் காப்பு அளவு பொருந்தாததால் முழங்கைக் காப்பைக் காலில் கட்டிக்கொண்டு ஓட்டியவர். அவர் ஆடிய 'வெர்ட்' எனப்படும் சறுக்குமேடையின், அதாவது ராம்ப்பின், இரு பக்கமும் கால்வட்டமாக வளைந்து, உச்சியில் செங்குத்தாக முடியும். விளிம்பில் இரும்புக் குழாய் பதித்திருப்பார்கள். மற்ற ஆட்டக்காரர்கள் அந்தக் குழாயைத் தாண்டும் முன்பே பலகையைக் கையால் பிடித்துக்கொண்டு மேலே எழும்புவார்கள். ஹாக்கின் உடல் எடைக்கு அந்த முறையில் உயரம் கிடைக்கவில்லை. அவர் ஆலன் கெல்ஃபாண்ட் என்ற ஆட்டக்காரர் 1970களின் இறுதியில் கண்டுபிடித்த 'ஆலி' உத்தியைப் பயன்படுத்திக் கையில்லாமலே காற்றில் எழும்பி, அதற்குப் பிறகு பலகையைப் பிடித்தார். மூத்தவர்கள் இதைச் சர்க்கஸ் வித்தை என்று கேலி செய்தார்கள். சில ஆண்டுகளில் எல்லோரும் அந்த முறைக்கே வந்து சேர்ந்தார்கள்.

பணம் உடனே வரவில்லை. அவர் பெயர் பொறித்த பலகைக்காக வந்த முதல் ராயல்டி காசோலையின் தொகை 85 சென்ட். பிறகு நிலைமை தலைகீழானது. பள்ளிப் படிப்பு முடியும் முன்பே, 17 வயதில், சொந்த வீடு வாங்கினார். 25 வயதுக்குள் கலந்துகொண்ட 103 தொழில்முறைப் போட்டிகளில் 73இல் முதலிடம், 19இல் இரண்டாமிடம்.

1991 வாக்கில் தொழில் மறுபடியும் சரிந்தது. அவர் ஆடி வளர்ந்த டெல் மார் ஸ்கேட் ராஞ்ச் பூங்கா 1987இலேயே மூடப்பட்டிருந்தது. ராம்ப்பே இல்லாத தலைமுறை படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி, நடைபாதைத் திண்டு என்று தெருவில் கிடைத்ததை வைத்து விளையாடத் தொடங்கியது. 'ஸ்ட்ரீட்' என்ற அந்தப் பாணி வந்ததும் வெர்ட் ஆட்டக்காரர்கள் ஒரே நாளில் பழைய ஆட்கள் ஆனார்கள். ஹாக் வீட்டின் மேல் கடன் வாங்கி, 1992இல் பெர் வெலிண்டர் என்ற சக ஆட்டக்காரருடன் சேர்ந்து பேர்ட்ஹவுஸ் என்ற பலகை நிறுவனத்தைத் தொடங்கினார். குழுவினரை வேனில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய், கடை வாசலிலும் வாகன நிறுத்தங்களிலும் சொற்பத் தொகைக்கு ஆடிக்காட்டினார். கைச்செலவுக்கு ஒரு நாளைக்கு 5 டாலர் என்று கணக்குப் பார்த்த காலம் அது. வீடியோ படத்தொகுப்பு வேலையும் செய்தார். அவருடைய விடாமுயற்சி என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது பிற்பாடு 1999இல் அவர் செய்த சாதனைதான். ஆனால் கூட்டம் இல்லாத இந்த ஆண்டுகளில் அவர் பலகையைக் கீழே வைக்காததே பெரிய விஷயம்.

1995இல் ஈஎஸ்பிஎன் தொலைக்காட்சி தொடங்கிய எக்ஸ்ட்ரீம் கேம்ஸ், பின்னாளில் எக்ஸ் கேம்ஸ், வெர்ட்டை மீண்டும் மேடையேற்றியது. 1985இலேயே காற்றில் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றும் '720'ஐச் சாதித்திருந்த ஹாக், இரண்டரைச் சுற்றான '900'ஐப் பத்தாண்டுக்கும் மேலாக முயன்றுவந்தார். சுற்றிக்கொண்டே இறங்கும் நேரத்தைக் கணிக்க வேண்டும்; அதில்தான் ஆபத்து. ஒரு முயற்சியில் விலா எலும்பு முறிந்தது. 1999 ஜூன் 27 அன்று சான் ஃபிரான்சிஸ்கோ எக்ஸ் கேம்ஸில் பதினொரு முறை விழுந்தார். போட்டி நேரம் முடிந்துவிட்டது. சக போட்டியாளர்கள் ஒதுங்கி நின்று பலகையால் ராம்ப்பைத் தட்டி உற்சாகப்படுத்த, பன்னிரண்டாவது முறை குந்திய நிலையில் இறங்கிச் சமாளித்து நிமிர்ந்தார். நேரம் கடந்த முயற்சியை ஏற்றது விதிப்படி சரியா என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

அதே ஆண்டு ஆக்டிவிஷன் நிறுவனம் அவர் பெயரில் வீடியோ கேம் ஒன்றை வெளியிட்டது. ராயல்டிக்குப் பதில் ஒரே தவணையாக 5 லட்சம் டாலர் தருவதாக முன்கூட்டியே பேசினார்கள். ஹாக் மறுத்தார். அந்த கேம் உலகமெங்கும் விற்றதில் அந்த மறுப்பு அவரைப் பெரும் பணக்காரராக்கியது. மெக்டொனால்ட்ஸ் விளம்பரத்தில் எல்லாம் தோன்றியதற்காக, விலைபோய்விட்டார் என்று தெருப் பாணிக்காரர்கள் சிலர் ஏசினார்கள்.

அந்தப் பணத்தில் ஒரு பங்கு போன இடத்தைப் பார்க்க வேண்டும். கலிஃபோர்னியா 1997இல் இயற்றிய சட்டம் ஸ்கேட்போர்டை ஆபத்தான பொழுதுபோக்குகளின் பட்டியலில் சேர்த்தது. பட்டியல் பெயர் பயமுறுத்தினாலும் பலன் நேர்மாறு: பாதுகாப்புக் கவசம் கட்டாயம் என்பன போன்ற நிபந்தனைகளைப் பின்பற்றும் நகராட்சிகளுக்கு வழக்குப் பயம் குறைந்தது. பொதுப் பூங்காக்கள் பெருகின. ஆனால் நடைபாதை போடும் ஒப்பந்தக்காரர்களிடம் கொடுத்துக் கட்டியவை பல, ஓட்டவே லாயக்கற்றவை. ஏழைக் குடியிருப்புகளுக்கு அதுவும் இல்லை. ஹாக் 2002இல் தொடங்கிய அறக்கட்டளை இந்த இரண்டு குறைகளையும் கையில் எடுத்தது. அது முழுச் செலவையும் கொடுத்துப் பெயர்ப்பலகை மாட்டவில்லை. பெரும்பாலும் 25,000 டாலருக்கு மேற்படாத உதவித் தொகையும் வடிவமைப்பு ஆலோசனையும் தந்தது. உள்ளூர் இளைஞர்களே நகர்மன்றத்தில் போய்ப் பேசி, நிதி திரட்டி, வடிவமைப்பில் பங்கேற்க வேண்டும்; பூங்காவில் கட்டணம் கூடாது. தந்தை லீக் அமைத்ததன் நீட்சியாகவே இதைக் கொள்ளலாம். 2020இல் 'தி ஸ்கேட்பார்க் புராஜெக்ட்' என்று பெயர் மாறிய இந்த அமைப்பு, 1 கோடி டாலருக்கும் மேல் வழங்கி, 600க்கும் மேற்பட்ட பூங்காக்கள் உருவாக உதவியிருக்கிறது. ஆலிவர் பெர்கோவிச் என்ற ஆஸ்திரேலியர் 2007இல் காபூலில் தொடங்கி, பெண் குழந்தைகளுக்கு ஸ்கேட்போர்டும் பாடமும் சொல்லிக்கொடுத்த ஸ்கேட்டிஸ்தானுக்கும் அதன் ஆதரவு போனது.

தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு சிறு தொடர்பு உண்டு. மாமல்லபுரத்துச் சிறுமி ஒருத்தி வெறுங்காலுடன் கவுனில் ராம்ப்பிலிருந்து இறங்கும் படத்தை எடுத்தவர் ஜேமி தாமஸ். அவர் ஹாக்கின் முதல் வீடியோ கேமில் இடம்பெற்ற ஆட்டக்காரர்களில் ஒருவர். ஹாக் அதைத் தன் சமூக ஊடகப் பக்கத்தில் பகிர்ந்த பிறகே அந்தப் படம் உலகமெங்கும் பரவியது.

ஹாக் 48 வயதில், 2016இல், கடைசி '900'ஐச் செய்து காட்டினார். 2022 மார்ச்சில் தொடை எலும்பு முறிந்தது; சில வாரங்களிலேயே ஊன்றுகோலுடன் ஆஸ்கர் மேடையேறினார். ஒலிம்பிக்கில் 2021 முதல் ஸ்கேட்போர்டு இடம்பெற்றாலும் பார்க், ஸ்ட்ரீட் பிரிவுகள் மட்டுமே உண்டு, வெர்ட் இல்லை. வெர்ட்டுக்காக அவர் சால்ட் லேக் சிட்டியில் 'வெர்ட் அலர்ட்' என்ற போட்டியை நடத்தத் தொடங்கினார். அங்கே 2023இல் ஆஸ்திரேலியாவின் அரிசா ட்ரூ, பெண்களில் முதல்முறையாக '720'ஐச் சாதித்தார். அடுத்த ஆண்டு, 14 வயதில், '900'ஐயும் முடித்தார்.