ஹெர்ப்பிஸ், பாக்ஸ் வைரஸ்கள்: செல் நுழைவும் எதிர்ப்பொருளும்

ஹெர்ப்பிஸ் வைரஸ்களும் பாக்ஸ் வைரஸ்களும் இரட்டை இழை டி.என்.ஏ.வை மரபுப்பொருளாகக் கொண்டு, மேலே கொழுப்புச் சவ்வு போர்த்திய இரு பெரிய வைரஸ் குடும்பங்கள். உதட்டுக் கொப்புளம், பிறப்புறுப்புப் புண், சின்னம்மை, அக்கி ஆகியவை முதல் குடும்பத்தால் வருபவை. பெரியம்மை, மாட்டம்மை, குரங்கம்மை ஆகியவை இரண்டாவதைச் சேர்ந்தவை. தமிழில் ‘அம்மை’ என்பது மேனியில் கொப்புளமோ தடிப்போ கிளம்பும் பல காய்ச்சல்களுக்கும் பொதுப்பெயர். அதனால் சின்னம்மை ஏதோ பெரியம்மையின் தங்கை போலத் தோன்றும். உண்மையில் இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. சின்னம்மைக்கு நெருங்கிய சொந்தம் உதட்டுக் கொப்புளம்தான். தட்டம்மையோ இந்த இரு குடும்பங்களிலும் சேராத ஓர் ஆர்.என்.ஏ. வைரஸால் வருவது.

எந்த வைரஸும் செல்லுக்குள் போனால்தான் பெருக முடியும். சவ்வுறை உள்ள வைரஸ், தன் சவ்வைச் செல்லின் சவ்வோடு ஒன்றாகக் கலக்கச் செய்து அந்த வழியே உள்ளே இறங்குகிறது. இதைச் சவ்விணைவு என்பர். எதிர்ப்பொருள்களால் உயிருள்ள செல்லுக்குள் சென்று வைரஸைத் தேட இயலாது. எனவே வைரஸ் செல்லுக்கு வெளியே இருக்கும் சிறிது நேரத்தில், நுழைவுக்கு உதவும் புரதங்களைப் பற்றிக்கொண்டு தடுப்பதே அவற்றின் முதன்மையான வேலை.

ஹெர்ப்பிஸின் நுழைவு

குடும்பத்தில் மிக நுணுக்கமாக ஆராயப்பட்டது ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ். இதன் மரபுத்தொகுதி சுமார் 1,52,000 கார இணைகள் நீளமுடையது. சவ்வின் மேல் சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டிய கிளைக்கோபுரதங்கள் பத்துக்கு மேல் துருத்தி நிற்கின்றன. அவற்றில் நுழைவுக்கு இன்றியமையாதவை நான்கு: ஜி-டி, ஜி-பி, இணைந்தே இயங்கும் ஜி-ஹெச், ஜி-எல்.

ஜி-சி, ஜி-பி ஆகிய இரண்டும் முதலில் செல்லின் மேற்பரப்பிலுள்ள ஹெப்பாரன் சல்ஃபேட் என்ற சர்க்கரைச் சங்கிலியில் ஒட்டுகின்றன. இது தற்காலிகப் பிடி. அடுத்து ஜி-டி தனக்குரிய ஏற்பியைப் பற்றுகிறது. 1990களின் பிற்பாதியில் பட்ரிசியா ஸ்பியரின் குழுவினர் இத்தகைய ஏற்பிகளை அடையாளம் கண்டனர். முதலில் தெரியவந்தது (1996) நோய் எதிர்ப்புச் செல்களில் மிகுதியாகக் காணப்படும் ஹெச்வெம் என்ற புரதம். 1998இல் நெக்டின்-1 வந்தது. தோல் செல்களையும் நரம்புச் செல்களையும் அண்டைச் செல்லோடு பிணைத்து வைக்கும் புரதம் அது. உடல் தன் செல்களைக் கட்டி வைக்க வைத்திருக்கும் கயிற்றையே வைரஸ் பிடித்துக்கொள்கிறது. இந்தப் பணியில் பங்கேற்ற பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கேரி கோஹன், ரோஸ்லின் ஐசன்பெர்க் இருவரும் ஜி-டி ஆராய்ச்சியில் பல பத்தாண்டுகள் செலவிட்டவர்கள்; பிற்பாடு வாக்ஸினியா புரதங்களையும் அதே முறையில் ஆராய்ந்தனர்.

ஏற்பியைத் தொட்டதும் ஜி-டி.யின் வால்பகுதி விலகி, அதுவரை மூடியிருந்த பரப்பு வெளிப்படுகிறது. அந்தச் சைகை ஜி-ஹெச், ஜி-எல் இணைக்குப் போய், அங்கிருந்து ஜி-பி.க்குப் போகிறது. சவ்வுகளை உண்மையில் கலக்கச் செய்வது ஜி-பி.யே. அதன் முப்பரிமாண வடிவம் 2006இல் வெளியானபோது, எவ்வகையிலும் தொடர்பில்லாத, கால்நடைகளைத் தாக்கும் ஓர் ஆர்.என்.ஏ. வைரஸின் இணைவுப் புரதத்தோடு அது ஒத்திருந்தது பலரை வியக்கவைத்தது. நரம்புச் செல்லில் இந்த இணைவு மேற்சவ்விலேயே நடக்கிறது. தோல் செல்களில் வைரஸ் பெரும்பாலும் விழுங்கப்பட்டு, உள்ளே ஒரு பையில் இருந்தபடி இணைகிறது. பின்னர் புரதக்கூடு செல்லின் நுண்குழல் தடங்களில் பயணித்து உட்கருவை அடைந்து டி.என்.ஏ.வை உள்ளே செலுத்துகிறது.

குடும்பம் முழுவதிலும் ஜி-பி, ஜி-ஹெச், ஜி-எல் உண்டு. ஏற்பியைப் பற்றும் புரதம் மட்டும் மாறும். சின்னம்மை வைரஸிடம் ஜி-டி கிடையவே கிடையாது.

பாக்ஸ் வைரஸின் இரு போர்வைகள்

பெரியம்மைத் தடுப்பூசியில் பயன்பட்ட வாக்ஸினியாவைக் கொண்டே இக்குடும்பத்தைப் பற்றிய அறிவு வளர்ந்தது. செங்கல் வடிவம், ஏறக்குறைய 200 மரபணுக்கள். டி.என்.ஏ. வைரஸாக இருந்தும் உட்கருவுக்குள் போகாமல், தேவையான நொதிகளைத் தானே சுமந்துவந்து சைட்டோபிளாசத்திலேயே பெருகுகிறது.

இது இரண்டு வேடங்களில் தொற்றும். ஒரே சவ்வு போர்த்திய முதிர்ந்த வடிவம், செல் உடையும்போது வெளிவரும். உறுதியானது, ஓர் ஆளிடமிருந்து இன்னோர் ஆளுக்குப் போவது. அதன் மேல் இன்னொரு சவ்வும் போர்த்திய வடிவம், செல் உயிரோடு இருக்கும்போதே வெளியேறி உடலுக்குள் பரவுவது. இதைப் புறவடிவம் எனலாம். ஆக்டின் இழைகள் பின்னாலிருந்து உந்த, அது பக்கத்துச் செல்லின் மேல் எறியப்படுகிறது.

முதிர்ந்த வடிவத்தின் ஏ27, ஹெச்3 புரதங்கள் ஹெப்பாரன் சல்ஃபேட்டையும், டி8 காண்ட்ராய்ட்டின் சல்ஃபேட்டையும், ஏ26 லேமினினையும் பற்றுகின்றன. நெக்டின் போல ஒரே சாவித்துவாரத்தை நம்பியிராததால்தான் பலவகைச் செல்களில் இதனால் நுழைய முடிகிறது. 2008இல் ஜேசன் மெர்சரும் ஆரி ஹெலேனியஸும் வெளியிட்ட ஆய்வு ஒரு தந்திரத்தை வெளிக்கொணர்ந்தது. சாகும் செல்கள் தம் மேற்பரப்பில் காட்டும் ஃபாஸ்ஃபாட்டிடைல்செரின் என்ற கொழுப்பு வைரஸின் சவ்விலும் இருக்கிறது. செத்த செல்லின் துண்டு என்று எண்ணிச் செல் அதை விழுங்கிவிடுகிறது. பிணம் போல நடித்து வீட்டுக்குள் நுழையும் கள்ளன் என்று சொல்லலாம்.

இணைவை நடத்துவது 11 புரதங்கள் கொண்ட ஒரு கூட்டு. பெரும்பாலான வைரஸ்கள் ஒன்றிரண்டு புரதங்களால் முடிக்கும் வேலைக்கு இத்தனை பேர். அந்தக் கூட்டு உட்சவ்வில் இருப்பதால், புறவடிவம் முதலில் தன் மேல்போர்வையைக் கிழித்தெறிந்தாக வேண்டும். செல்லின் சர்க்கரைச் சங்கிலிகளைத் தொட்டதும், ஏ34, பி5 புரதங்களின் துணையோடு அது கிழிகிறது.

எதிர்ப்பொருள் காத்த சான்றுகள்

பெரியம்மைக்கு எதிராக எதிர்ப்பொருள் பயன்தருமா என்பதற்குக் கிடைத்த மிகச் சிறந்த மனிதச் சான்றுகளில் ஒன்று சென்னையில் திரட்டப்பட்டது. ஹென்றி கெம்ப்பும் சென்னை மருத்துவர்களும் 1961இல் வெளியிட்ட ஆய்வில், நோயாளியோடு நெருங்கிப் பழகியவர்களுக்கு வழக்கமான அம்மை குத்துதலோடு, ஒரு பகுதியினருக்கு எதிர்ப்பொருள் செறிந்த காமா குளோபுலினும் ஏற்றப்பட்டது. அதைப் பெற்ற 326 பேரில் 5 பேருக்கும், பெறாத 379 பேரில் 21 பேருக்கும் பெரியம்மை கண்டது. ஆட்கொல்லி நோய் வீட்டுக்குள்ளேயே இருந்த நிலையில் இது சிறிய வித்தியாசமல்ல.

ஆனால் எல்லா எதிர்ப்பொருளும் போதுமானதல்ல. கொன்ற வாக்ஸினியாவால் செய்த தடுப்பூசிகள், சோதனைக் குழாயில் வைரஸை முடக்கும் எதிர்ப்பொருளைத் தந்தும் விலங்குகளைச் சரிவரக் காக்கவில்லை. ஆப்பிள்யார்ட், ஹாப்பெல், போல்ட்டர் மூவரும் 1971இல் விடையின் முக்கியமான பகுதியைக் கண்டனர்: முயல் அம்மை வைரஸின் புறவடிவத்தில், முதிர்ந்த வடிவத்தில் இல்லாத ஆன்டிஜன்கள் இருந்தன. கொன்ற தடுப்பூசியில் இருந்ததோ முதிர்ந்த வடிவம் மட்டுமே. ஆக, எல்1, ஹெச்3, ஏ27, டி8 ஆகிய புரதங்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் முதிர்ந்த வடிவத்தைத் தடுக்கின்றன. புறவடிவத்துக்கு பி5, ஏ33 புரதங்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் வேண்டும். பி5 எதிர்ப்பொருள் பெரும்பாலும் தனியாக அல்லாமல், குருதியிலுள்ள நிரப்புப் புரதங்களைத் துணைக்கழைத்தே வேலைசெய்கிறது.

அம்மை குத்தியதால் தோன்றும் எதிர்ப்பொருள் மிக மெல்லவே குறைகிறது. 2007இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு அதன் அரை ஆயுளை 92 ஆண்டுகள் என மதிப்பிட்டது. அதே ஆய்வில் சின்னம்மை எதிர்ப்பொருளுக்கு 50 ஆண்டுகள். அப்படியிருந்தும் முதுமையில் அக்கி வருகிறது, ஏனெனில் சின்னம்மை வைரஸ் நரம்பு முடிச்சுகளுக்குள் உறங்குகிறது. அங்கே அதை அடக்கி வைத்திருப்பவை பெரிதும் டி செல்கள் என்னும் நோய் எதிர்ப்புச் செல்கள். அவை தளரும்போது வைரஸ் விழித்துக்கொள்கிறது.

ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸும் அப்படியே முகத்திலோ இடுப்பிலோ உள்ள நரம்பு முடிச்சுகளில் ஒளிகிறது. போதாக்குறைக்கு, ஜி-சி நிரப்புப் புரதத்தைப் பிடித்து முடக்கும். ஜி-இ, ஜி-ஐ இணை எதிர்ப்பொருளின் வால்பகுதியையே பற்றி அதைச் செயலற்றதாக்கும். இருந்தாலும் எதிர்ப்பொருளை வீண் என்று ஒதுக்க முடியாது. பிரசவம் நெருங்கும்போது முதன்முறையாகத் தொற்று கண்ட தாயிடமிருந்து சிசுவுக்குப் பரவும் வாய்ப்பு 30 முதல் 50 விழுக்காடு. பழைய தொற்று மீண்டும் தலைகாட்டிய தாயிடம் அது 3 விழுக்காட்டுக்கும் குறைவு. நஞ்சுக்கொடி வழியே போய்ச்சேரும் தாயின் எதிர்ப்பொருள் அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

ஜி-டி.யை மட்டும் கொண்ட தடுப்பூசி 8,323 பெண்களிடம் சோதிக்கப்பட்டு 2012இல் முடிவு வெளியானது. ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸின் இரண்டாம் வகையை அது தடுக்கவில்லை. முதல் வகையால் வரும் பிறப்புறுப்பு நோயை 58 விழுக்காடு குறைத்தது. ஜி-டி எதிர்ப்பொருள் அளவு கூடியவர்களிடம் முதல் வகைத் தொற்று குறைவாக இருந்தது. அக்கிக்கான ஷிங்ரிக்ஸ் தடுப்பூசி, சின்னம்மை வைரஸின் ஜி-இ புரதத்தை வீரியமூட்டியோடு கலந்தது. 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 50 வயதுக்கு மேற்பட்டோரிடம் 97 விழுக்காடு காப்பு தந்ததில் டி செல்களின் பங்கும் பெரிது.

அண்மைய எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசி முயற்சிகள் இரு குடும்பங்களிலும் ஒரே புரதத்தை நம்புவதில்லை. 2023இல் மனிதச் சோதனை தொடங்கிய பயான்டெக் நிறுவனத்தின் குரங்கம்மைத் தடுப்பூசி நான்கு புரதங்களைக் கொண்டது. இரண்டு முதிர்ந்த வடிவத்தினுடையவை, இரண்டு புறவடிவத்தினுடையவை. பென்சில்வேனியாவின் ஹார்வி ஃபிரீட்மன் குழு வகுத்த ஹெர்ப்பிஸ் தடுப்பூசியில் ஜி-டி.யோடு ஜி-சி.யும் ஜி-இ.யும் சேர்க்கப்பட்டுள்ளன. ஜி-டி நுழைவைத் தடுக்க. மற்ற இரண்டும், எதிர்ப்பொருளை முடக்கும் வைரஸின் கைகளைக் கட்டிப்போட.