கீழிருந்து கேட்ட சத்தம்: போர் கண்டவர்களும் நீண்ட விமானப் பயணமும்

கனடாவில் மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. விசா வந்துவிட்டது, ரிக்கற்றும் போட்டாயிற்று. அம்மா மட்டும் வரமாட்டேன் என்கிறார். முதலில் கால் நோ என்கிறார், பிறகு வீட்டைப் பார்க்க ஆளில்லை என்கிறார். பல நாள் கேட்ட பிறகுதான் உண்மைக் காரணம் வெளியே வருகிறது. பிளேனில் ஏறப் பயம். மூதூர், சம்பூர், ஈச்சிலம்பற்று, திருகோணமலை நகரம் என்று இந்த மாவட்டத்தில் எங்கே விசாரித்தாலும் இப்படி ஒரு தாயோ தகப்பனோ இருப்பார்கள்.

விமானப் பயம் பற்றிப் பொதுவாக எழுதப்படும் குறிப்புகள் இவர்களுக்கு அவ்வளவாக உதவுவதில்லை. விமானத்தை எப்போதும் ஒரு வாகனமாகவே அறிந்தவர்களுக்காக அவை எழுதப்படுகின்றன. எங்களில் பலர் விமானத்தை அறிந்தது கீழே நின்று. அதில் ஏறுவதற்கு வெகுகாலம் முன்பே அதன் சத்தத்துக்கு ஓடிப் படுக்கப் பழகிவிட்டோம். ஹெலி, பொம்மர், கிபிர், வண்டு என்று சத்தத்தை வைத்தே பெயர் சொல்லப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது.

துறைமுகம் இருப்பதால் திருகோணமலைக்கு இந்த அனுபவம் இன்னும் பழையது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கின. 2006 ஏப்ரல் 25ஆம் திகதி கொழும்பில் இராணுவத் தலைமையகத்தில் குண்டு வெடித்ததைத் தொடர்ந்து, மூதூர் கிழக்கில் விமானக் குண்டுவீச்சு தொடங்கியது. அங்கிருந்து இடம்பெயர்ந்த சம்பூர் மக்களில் பலர் சொந்தக் காணிக்குத் திரும்ப ஏறக்குறைய பத்து வருடம் காத்திருந்தார்கள். 2008 ஓகஸ்ட் 26 இரவு புலிகளின் விமானம் கடற்படைத் தளத்தின்மீது குண்டு போட்டபோது, துறைமுகத்துக்கு மேலே வானம் முழுக்க வெடிச் சத்தம். சீனன்குடாவில் இன்றும் விமானப்படையின் பயிற்சிக் கல்லூரி இயங்குகிறது. தலைக்கு மேல் சிறிய விமானம் ஒன்று வட்டமடித்தால் இப்போதும் அண்ணாந்து பார்க்காமல் இருக்க முடியாதவர்கள் இங்கே நிறையப் பேர்.

பயணிகள் விமானமும் எங்களுக்கு எப்போதும் பாதுகாப்பாக இருந்ததில்லை. 1998 செப்டெம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னார்க் கடலுக்கு மேலே காணாமல் போனது. அதில் இருந்த 55 பேரும் திரும்பவில்லை. அதன் சிதைவுகள் 2012இல்தான் கடலடியிலிருந்து எடுக்கப்பட்டன.

ஆகவே பயப்படும் அம்மாவிடம் "இதில என்ன பயம்?" என்று கேட்பது அநியாயம். ஒரு காலத்தில் அவருடைய உயிரைக் காப்பாற்றிய பயம் அது. சத்தம் கேட்டவுடன் நெஞ்சு இடிப்பதும், கை வியர்ப்பதும், வயிறு கலங்குவதும் அன்று அவரைப் பதுங்குகுழிக்குள் கொண்டு சேர்த்தன. போர் முடிந்துவிட்டது என்பது மூளைக்குத் தெரியும். உடம்புக்கு அதை யாரும் தனியாகச் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் மனவடு என்று எழுதியது இதைத்தான். உடம்புக்குப் புதிதாக ஒன்றைப் பழக்கலாம். அதற்குக் கொஞ்சக் காலம் வேண்டும். பயணத்துக்கு முதல்நாள் தொடங்கினால் போதாது, ஒரு மாதமாவது முன்பே தொடங்க வேண்டும்.

முதலில் பழக வேண்டியது சத்தம். விமானத்தின் உள்ளே கேட்கும் சத்தங்களுக்கு ஒவ்வொரு காரணம் உண்டு. அதைத் தெரிந்து வைத்திருப்பவரை அந்தச் சத்தம் பாதியளவுதான் உலுக்கும்.

கதவு பூட்டியபின் ஒரு கணம் விளக்கு மினுங்கலாம், குளிர்காற்று நின்று திரும்ப வரலாம். மின்சாரம் ஒரு வழியிலிருந்து இன்னொரு வழிக்கு மாறுகிறது, அவ்வளவுதான். எயார்பஸ் 320 வகை விமானத்தில் காலடியில் வாள் அறுப்பது போல, நாய் குரைப்பது போல ஒரு சத்தம் வரும். அது எண்ணெய் அழுத்தத்தைச் சமப்படுத்தும் ஒரு பம்ப். ஓடுபாதையில் பெரிய இரைச்சலோடு ஓடும் நேரம் ஒரு நிமிடம்கூட இல்லை. மேலே எழும்பியதும் காலுக்குக் கீழே "தொம்" என்று கேட்டால் சக்கரங்கள் உள்ளே போய்விட்டன என்று அர்த்தம்.

அதற்கு அடுத்ததுதான் எங்கள் ஆட்களுக்கு மிகவும் கடினமான இடம். எழும்பி ஒரு நிமிடமளவில் இயந்திரத்தின் சத்தம் திடீரெனக் குறையும். விமானம் கீழே இறங்குவது போல அடிவயிறு சொல்லும். சத்தம் மாறினால் விழுந்து படு என்று பழகியவர்களுக்கு அந்த ஒரு கணம் பழைய நாட்களை அப்படியே கொண்டுவந்து விடும். உண்மையில் நடப்பது இதுதான்: கிளம்புவதற்குத் தேவையான முழு வலு இனித் தேவையில்லை, விமானி அதைக் குறைக்கிறார். விமானம் தொடர்ந்து மேலேதான் போகிறது. இதை மட்டுமாவது முன்கூட்டியே அம்மாவுக்குச் சொல்லி வையுங்கள். "இப்ப சத்தம் குறையும்" என்று பக்கத்தில் இருப்பவர் ஒரு சொல் சொன்னாலே பெரிய காரியம்.

தரையில் இறங்கும்போது திரும்ப ஒரு பெரிய இரைச்சல் வரும். அது வேகத்தைக் குறைக்கும் சத்தம்.

இந்தச் சத்தங்களை வீட்டிலேயே கேட்டுப் பழகலாம். விமானத்தின் உள்ளேயிருந்து எடுத்த காணொளிகள் கைபேசியில் எத்தனையோ கிடைக்கின்றன. முதல்நாள் சத்தத்தை மிகக் குறைத்து, இரண்டு நிமிடம், பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு கேளுங்கள். நெஞ்சிடி தானாக அடங்கும்வரை இருந்து, பிறகு நிறுத்துங்கள். நாளுக்கு நாள் சத்தத்தையும் நேரத்தையும் கூட்டுங்கள். படிப்படியாக முகங்கொடுக்க வைக்கும் சிகிச்சையின் அடிப்படை இதுதான். ஆனால் கேட்கும்போது பழைய காட்சிகள் கண்முன்னே வந்து, இருக்கும் இடமே மறந்துபோகிறது என்றால் தனியே தொடர வேண்டாம். திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்தை இரவு பகலாக அழைக்கலாம்.

வசதி உள்ளவர்கள் சிறிய பயணம் ஒன்றை முதலில் செய்து பார்க்கலாம். பலாலியிலிருந்து சென்னைக்குப் பறக்க ஒரு மணிநேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே பிடிக்கும். கட்டுநாயக்கவிலிருந்து லண்டனுக்கு நேரே போனால் சுமார் 11 மணிநேரம். ரொறன்ரோ என்றால் வளைகுடாவில் ஓரிடத்தில் மாறி, அதன்பின் சுமார் 14 மணிநேரம் ஒரே இருக்கையில்.

அந்த 14 மணிநேரத்தில் விமானம் குலுங்கத்தான் செய்யும். குலுக்கம் என்பது காற்றின் மேடுபள்ளம். கொட்டியாரக்குடாவில் வள்ளத்தில் போனவருக்கு அலை புதிதல்ல. சிறகு வளைந்து ஆடுவதைக் கண்டு பயப்பட வேண்டாம், வளைவதற்காகவே அது அப்படிச் செய்யப்பட்டிருக்கிறது. பறக்கும் காலத்தில் எதிர்பார்க்கப்படும் உச்சச் சுமையைப் போல ஒன்றரை மடங்கைத் தாங்க வேண்டும் என்பது விதி. 2024 மே மாதம் லண்டனிலிருந்து சிங்கப்பூர் போன விமானம் கடுமையாகக் குலுங்கி ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தார்கள். மறைக்க ஒன்றுமில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் கூரையில் மோதுபவர்கள் பட்டி போடாதவர்கள். தூங்கும்போதும் பட்டியைப் போட்டே வைத்திருங்கள். சிறகுக்கு அருகில் உள்ள இருக்கைகளில் ஆட்டம் குறைவு. வால்பக்கம் வேண்டாம்.

பயம் மேலேறும்போது மூச்சை இழுப்பதைவிட விடுவதில் கவனம் வையுங்கள். நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். கைகளை இறுக்கிப் பொத்தி, பத்து எண்ணிவிட்டுத் தளர்த்துங்கள். தேவாரம் தெரிந்தவர் மனதுக்குள் சொல்லலாம், செபமாலை வைத்திருப்பவர் அதை உருட்டலாம், தஸ்பீஹ் ஓதுபவர் ஓதலாம். இதைப் பத்தாம்பசலித்தனம் என்று பிள்ளைகள் சிரிக்க வேண்டாம். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லும்போது மூச்சு தானாகச் சீராகிறது. கோணேசருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுப் புறப்படுவதிலும் ஒரு தெம்பு உண்டு.

மூச்சு முட்டுவது போலத் தோன்றினால் அதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். விமானத்துக்குள் காற்றழுத்தம் ஏறக்குறைய நுவரெலியாவில் இருப்பது போல, சில நேரம் அதைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும். காற்றும் வறண்டது. தண்ணீர் குடியுங்கள். காது அடைத்தால் டொபி ஒன்றைச் சூப்புங்கள். இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடவுங்கள், இருந்தபடியே குதிக்காலை உயர்த்தித் தாழ்த்துங்கள். நீண்ட நேரம் அசையாமல் இருந்தால் காலில் இரத்தம் உறையும் ஆபத்து உண்டு. இதய நோய், நீரிழிவு, பிரஷர் உள்ளவர்கள் போகமுன் வைத்தியரைக் காண வேண்டும். மருந்துகள், இன்சுலின் எல்லாம் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

"ஒரு குளிசையைப் போட்டுப் படுத்தால் விடியும்போது லண்டன்" என்று சொல்பவர்கள் உண்டு. கேட்காதீர்கள். டயசிபாம் போன்ற குளிசைகளை விமானப் பயத்துக்கு எழுதிக் கொடுக்க இங்கிலாந்திலேயே பல குடும்ப வைத்தியர்கள் மறுக்கிறார்கள். அசையாமல் தூங்குவது காலுக்குக் கூடாது, முதியவர்கள் தடுமாறி விழுவார்கள், மதுவோடு சேர்ந்தால் மூச்சுக்கே ஆபத்து. அதோடு, வளைகுடா நாடுகள் சிலவற்றில் இவை கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். வைத்தியர் தந்திருந்தால் மருந்துச்சீட்டையும் கையில் கொண்டு போங்கள்.

விமானத்தைவிட விமான நிலையத்துக்குப் பயப்படுபவர்களும் உண்டு. சீருடை, வரிசை, கேள்வி, பையைத் திறந்து காட்டு என்ற கட்டளை. சோதனைச் சாவடிகளில் வருடக்கணக்காக நின்ற உடம்பு அங்கேயும் விறைக்கும். இதற்குச் சக்கர நாற்காலி உதவி நல்ல வழி. ரிக்கற் போடும்போதே கேட்டால் கட்டணம் இல்லை. ஒருவர் கூடவே வந்து வரிசைகளைக் கடத்தி, இடையில் மாறும் விமான நிலையத்திலும் அடுத்த வாசல்வரை கொண்டுபோய் விடுவார். நடக்க முடிந்தவருக்கு எதற்கு என்று வெட்கப்பட வேண்டாம். விமான இலக்கம், போகும் முகவரி, பிள்ளையின் தொலைபேசி, குடிக்கும் மருந்து எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு தாள் கடவுச்சீட்டுக்குள் இருக்கட்டும்.

வளைகுடா வழியாகப் போகும்போது அங்கே சண்டை வந்தால் என்ன என்பது நியாயமான கேள்வி. 2025 ஜூன் 23ஆம் திகதி கட்டார் தன் வான்பரப்பைச் சில மணிநேரம் மூடியது. விமானங்கள் திருப்பப்பட்டன, பயணிகள் வேறு நகரங்களில் காத்துக் கிடந்தார்கள். அந்த நேரத்தில் கைப்பையில் இரண்டு நாள் மருந்தும் ஒரு மாற்றுடுப்பும் இருந்தால் நிம்மதி.

முழுப் பயணத்திலும் உண்மையில் கவனம் தேவைப்படும் பகுதி எது என்று கேட்டால், திருகோணமலையிலிருந்து கட்டுநாயக்கவுக்கு இரவில் வான் ஓடும் அந்த ஆறு மணிநேரத்தைத்தான் சொல்வேன். ஹபரணைப் பக்கம் யானை குறுக்கே நிற்கும், சாரதிக்கோ நித்திரை தூங்கும். முடிந்தால் பகலில் புறப்பட்டு நீர்கொழும்பில் தங்கிப் போங்கள்.

இனி, அங்கே காத்திருக்கும் பிள்ளைகளுக்கு. அம்மா வந்து இறங்கியவுடன் பயம் முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஹீத்ரோவுக்கு அருகே ஹவுன்ஸ்லோ பக்கம் வீடு என்றால் காலையிலிருந்து கூரைக்கு மேலே விமானம் தாழப் பறக்கும். அதை முன்பே சொல்லி வையுங்கள். நவம்பர் 5 இங்கிலாந்தில், ஜூலை 1 கனடாவில், ஜூலை 14 பிரான்சில் வாண வேடிக்கை வெடிக்கும். ரொறன்ரோவில் ஒவ்வொரு வருடமும் செப்டெம்பர் தொடக்கத்தில், தொழிலாளர் தின விடுமுறையோடு விமானக் கண்காட்சி நடக்கும். நகரத்துக்கு மேலேயே போர் விமானங்கள் இரைந்துகொண்டு போகும். அந்த வார இறுதியில் அம்மாவை வீட்டில் தனியே விட்டுவிட்டு வேலைக்குப் போகாதீர்கள்.