வயலின் வரிசைக்கு யார் பேர் போட்டது?

எஹலியகொடையிலிருந்து இரத்தினபுரிக்கோ அவிசாவளைக்கோ போற பஸ்ஸில் இளையராஜா பாட்டு ஒன்று போனால், யார் பாடினது, யார் எழுதினது என்று எங்களில் முக்கால்வாசிப் பேர் டக்கென்று சொல்லிவிடுவோம். பல்லவி முடிந்ததும் ஒரு வயலின் கூட்டம் அலை மாதிரி எழும்பி வருமே, அதை வாசித்தது யார்? அங்கேதான் எல்லோரும் முழிக்கிறோம்.

1976இல் 'அன்னக்கிளி' வந்தது. அதற்கு முன் இளையராஜாவும் ஜி. கே. வெங்கடேஷின் குழுவில் கிற்றார் வாசித்த ஒரு வாத்தியக்காரர்தான். பிறகு வந்த காலம் முழுக்க, பெரும்பாலும் சாலிகிராமம் பிரசாத் ஸ்டூடியோவில் வேலை இப்படித்தான் நடந்தது: அவர் மேலைநாட்டுக் குறியீட்டில் இசையை எழுதுவார். முதல் வயலின், இரண்டாம் வயலின், வியோலா, செலோ என்று வரிசை வரிசையாக இருப்பவர்கள் தங்கள் பகுதியைக் கொப்பியில் பார்த்து எழுதிக்கொள்வார்கள். ஒத்திகை. பிறகு பதிவு. தனித்தனி ட்ராக் வசதி குறைவாக இருந்த காலத்தில் எல்லோரும் ஒன்றாக வாசிக்கணும். ஒரு ஆள் பிசகினாலும் முழுப்பேரும் திரும்ப முதலிலிருந்து!

சில பெயர்கள் வெளியே வந்தன. 1986இல் 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பில் தனி வயலின் வாசித்த வி. எஸ். நரசிம்மன், புல்லாங்குழல் நெப்போலியன், பேஸ் கிற்றார் சசிதரன், கீபோர்ட் விஜி மானுவல், ட்ரம்ஸ் புருஷோத்தமன். ஆனால் வயலின் வரிசையில் இருந்த மற்றவங்க? 2002இல் பிபிசி நடத்திய வாக்கெடுப்பில் 'தளபதி' படத்தின் 'ராக்கம்மா' பாட்டு உலகின் முதல் பத்துப் பாட்டுகளில் ஒன்றாக வந்தது. அந்தப் பாட்டைத் தூக்கி நிறுத்துவதே வயலின்கள்தான். வாசித்தவர்களில் ஒருவரையாவது எங்களுக்குத் தெரியுமா?

இது தமிழ் சினிமாவின் கதை மட்டும் இல்ல. அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசையை உலகம் முழுக்கக் கொண்டுபோன மோட்டவுன் நிறுவனம் 1959இல் டெட்ராய்ட் நகரில் தொடங்கியது. 'ஃபங்க் பிரதர்ஸ்' என்ற வாத்தியக்காரர்கள் எத்தனையோ வெற்றிப் பாட்டுகளுக்கு வாசித்தார்கள். வயலின் பகுதிக்கு அதே நகரின் சிம்பொனி இசைக்குழுவிலிருந்து கோர்டன் ஸ்டேபிள்ஸ் தலைமையில் ஆட்கள் வந்தார்கள். பகலில் பேத்தோவன், மிச்ச நேரத்தில் சோல். மார்வின் கேயின் தொகுப்பு ஒன்றின் அட்டையில் வாத்தியக்காரர்களின் பெயர்கள் அச்சாக 1971 ஆகிவிட்டது. அடுத்த வருஷம் நிறுவனம் லொஸ் ஏஞ்சல்ஸுக்குப் போய்விட்டது. பலர் டெட்ராய்ட்டிலேயே நின்றுவிட்டார்கள்.

சென்னையில் இந்த வாத்தியக்காரர்களைத் தொழிலாளர்களாகப் பார்த்தவர் எம். பி. சீனிவாசன். 'பாதை தெரியுது பார்' (1960) படத்தின் இசையமைப்பாளர், கம்யூனிஸ்ட். திரை இசைக் கலைஞர்களுக்குச் சங்கம் அமைத்தவர் அவர். வாசிப்பது கலை, ஆனால் அது கால்ஷீட் கணக்கில் கூலி வாங்கும் வேலையும்கூட என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

'ரோஜா' (1992) வந்த பிறகு இன்னொரு மாற்றம். ஏ. ஆர். ரஹ்மான் தன் தொகுப்புகளின் அட்டைகளில் வாத்தியக்காரர்களின், ஒலிப்பதிவாளர்களின் பெயர்களைப் போடத் தொடங்கினார். அதே காலத்தில்தான் கீபோர்டும் கணினியும் வயலின் வரிசைகளின் இடத்தைப் பிடித்தன. பேர் அச்சாகத் தொடங்கின நேரத்தில் வேலை குறையத் தொடங்கியது.

தோட்டத்தில் 'பேர்' என்றால் என்னவென்று எங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்ல. செக்ரோலில் பேர் விழுந்தால்தான் அன்றைய சம்பளம். கிலோ குறைஞ்சா அரைப் பேர். ஆனால் தேயிலைப் பைக்கட்டில் கொழுந்து எடுத்தவரின் பேர் இருக்காது, கம்பெனியின் பேர்தான் இருக்கும். வயலின் வரிசைக்கும் அதே கணக்கு: கால்ஷீட்டில் பேர் உண்டு, கேசட்டில் இல்ல. கூலி கொடுத்தாச்சு, இனி என்ன என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில் இதுதான்: கூலி வேலைக்கு, பேர் ஆளுக்கு. இரண்டும் வேணும்.

அதனால் இனி இங்கே ஒரு பாட்டைப் பற்றி எழுதும்போது, தேடிக் கிடைக்கிற வாத்தியக்காரர்களின் பெயர்களையும் சேர்த்தே எழுதுவோம். நீங்களும் தேடுங்க.